ஆறிய சூளையின் கடைசித் தாள்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வாழ்க்கையில் எதிலும் பிடிவாதம் கிடையாது. விசாரணைக் குழுத் தலைவர் ராஜம்மாள் அம்மையார் அவர்களே, நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு அதை மறைத்தவன் என்று கல்லூரி கேண்டீனில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்களாம். இரண்டும் உண்மைதான். ஆனால் பொறுமையாகப் படித்தால் என் பக்கமும் புரியும்.

என் பெயர் மாணிக்கவேல். விருத்தாசலத்தில் பத்தொன்பது வருடமாகத் தமிழ்ப் பேராசிரியர். எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்பதால் பாடம் வைப்பது, கேள்வித்தாள் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது எல்லாம் நானே. இதனால் கருத்து வேறுபாடு வர வழியில்லை.

'ஆறிய சூளை' என்ற நவீன நாவலைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் நம்மூர்க்காரர் ஒருவர் எழுதியது. அவர் இப்போது உயிருடன் இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. பீங்கான் கொட்டகையில் வேலை பார்க்கும் மூன்று பெண்களின் கதை. வேப்பூரில் பஸ் நின்ற இடத்தில், வடை மடித்துக் கொடுக்க வைத்திருந்த பழைய காகிதக் கட்டில் அதைக் கண்டெடுத்தேன். நான் இரண்டு வடை தின்ற பிறகுதான் புத்தகத்தைக் கவனித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பிரதியின் கடைசி வரி இது: 'பாஞ்சாலை முந்தானையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சூளைக்குள் போனாள்.' அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, அட்டைதான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெரிய எழுத்தாளர்கள் இப்படித்தான் பட்டென்று முடிப்பார்கள். அவளை அங்கேயே, பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் வைத்து, தீக்குளிக்க வைத்தேன்.

பிறகு எல்லாம் தானாக வந்து சேர்ந்தது. நெருப்பில் பிறந்தவளின் பெயரைத் தாங்கியவள் நெருப்பில்தானே போக வேண்டும். அவளுடைய நாத்தனார் எந்நேரமும் பாத்திரம் கழுவுகிறாள், அவள் நீர். மாமியார் வாசலில் உட்கார்ந்தே இருக்கிறாள்; அவள் நிலம். பாஞ்சாலையைச் சுற்றிப் பிடியில்லாத கோப்பைகள் வரிசையாக இருப்பதாக ஓர் இடம் வரும். பற்றுக்கோடு இல்லாத பெண் வாழ்வு என்று அதற்கு மட்டும் ஆறு பக்கம் எழுதினேன். நாவலில் நான்கு ஆண்களும் உண்டு. அவர்களுக்குக் குறியீடு எதுவும் தேவைப்படவில்லை. அவர்கள் ஆண்களாகவே இருந்தார்கள். தலைப்பில் சூளை ஆறியிருப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். அதையும் குறியீடாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இந்த ஆய்வுக்குத்தான் எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது; அது புத்தகமாகவும் வந்தது. பதினோரு வருடம், வருடத்துக்கு அறுபது பேர், நாவலைத் தொடாமல் அந்தப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு, பாஞ்சாலை வெந்து செத்ததை எழுதித் தேறியிருக்கிறார்கள். ஆண்டு விழாவில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிய சூளைக்குள் ஒரு மாணவி நுழைந்தபோது முதல்வரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன பருவத்தேர்வில் இறுதியாண்டு மாணவி ஷிபானா வந்தாள். 'பாஞ்சாலையின் தீக்குளிப்பு உணர்த்தும் குறியீட்டை விளக்குக' என்ற இருபது மதிப்பெண் கேள்விக்கு நான்கே வரி. சூளை ஆறி இரண்டு நாளாகிவிட்டது. பாஞ்சாலை வெந்த சாமானை எடுக்கத்தான் உள்ளே போனாள், வெளியே வந்தாள். பிடி ஒட்டும் வரை எல்லாக் கோப்பையும் பிடியில்லாமல்தான் இருக்கும், ஒட்டுவது அவள் வேலை. கடைசிப் பக்கம் பார்க்கவும்.

பார்க்கவும் என்று மாணவி பேராசிரியருக்கு எழுதுவது முறையல்ல. சுழியம் போட்டேன். மூன்று மதிப்பெண்ணில் தோற்றாள்.

மறுவாரம் நூலகப் பிரதியோடு துறைக்கு வந்தாள். பி.எட். படிக்க இடம் கிடைத்திருக்கிறது, இந்த ஒரு பேப்பர் நின்றால் அந்த இடம் போய்விடும் என்றாள். "சூளை ஆறிடுச்சின்னு தலைப்புலயே இருக்குது சார்" என்றாள். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

அவள் போன பிறகு பார்த்தேன். என் பிரதியில் இல்லாத ஒரு தாள் அதில் இருந்தது. பாஞ்சாலை கோப்பைத் தட்டோடு வெளியே வருகிறாள், தலைத்துணியை உதறுகிறாள், "டீ வந்துச்சா?" என்று கேட்கிறாள். நாவல் முடிந்தது. பட்டம், புத்தகம், பதினோரு வருடம், முதல்வரின் கண்ணீர் எல்லாம் ஒரு டீயில் போய்விடும் போலிருந்தது.

அந்தத் தாளைக் கிழித்தேன். நூலகத்தில் மேலும் இரண்டு பிரதிகள் இருந்தன, அவற்றிலும் கிழித்தேன். ஊர் பொது நூலகத்தில் இருந்தது மக்கள் சொத்து, அதைக் கிழிக்க மனம் வரவில்லை. பிளேடு வைத்து நேர்த்தியாக அறுத்தேன். நண்பர் விருத்தகிரியின் வீட்டில் ஒரு பிரதி இருப்பது ஞாபகம் வந்து, உடல்நலம் விசாரிக்கப் போனேன். அவர் நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஷிபானாவைக் கூப்பிட்டு, அப்படி ஒரு பக்கம் எங்குமே இல்லையே அம்மா என்று அன்பாகச் சொன்னேன். அவள் ஒவ்வொரு நூலகமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உங்களிடம் புகார் கொடுத்தாள்.

விசாரணையில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அவளுடைய அம்மா பதுருன்னிசா வந்திருந்தார். ஆள் உள்ளே போய் அடுக்கும் பழைய சூளை வைத்திருக்கும் கொட்டகை ஒன்றில் வேலை. வேலையிலிருந்து நேராக வந்ததால் புருவமெல்லாம் வெள்ளைத் தூசி.

"நான் தெனமும் சூளைக்குள்ள போறவ சார்" என்றார். "ஆறுனப்புறம் போயி சாமானை எடுத்துக்கிட்டு வெளிய வரேன். உள்ள போனவ செத்துட்டான்னா, ராத்திரிக்கு எங்க வூட்ல சோறாக்குறது யாரு?"

நீங்கள் என்னைப் பார்த்து, ஒரு தடவையாவது சூளையை நேரில் பார்த்ததுண்டா என்று கேட்டீர்கள். தினமும் அந்த வழியாகத்தான் வண்டியில் போகிறேன், தூசி ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன். அப்போது டீ வந்தது. பதுருன்னிசா முந்தானையை உதறிவிட்டு டம்ளரை வாங்கினார். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. பையிலிருந்த ஐந்து தாள்களையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன்.

ஆக, பாஞ்சாலையைக் கொன்றது நான்தான். வெளியே வந்தவளைத் திரும்ப உள்ளே தள்ளிக் கதவை அடைத்ததும் நான்தான். தாள்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. ஷிபானாவுக்கு இருபதுக்குப் பதினெட்டு போட்டுவிட்டேன், பி.எட். இடம் போகாது. மீதி இரண்டைக் கையெழுத்துக்காகக் குறைத்தேன்.

இதனால் என் ஆய்வு தவறு என்று குழு முடிவு செய்துவிட வேண்டாம். கடைசித் தாளை இப்போது பலமுறை படித்துவிட்டேன். நெருப்புக்குள் போனவள் சாவகாசமாக வந்து டீ கேட்கிறாள் என்றால், அது மறுமையில் கேட்கும் டீ. புதிய பதிப்பில் இதற்குப் பதினோரு பக்கம் சேர்க்கிறேன். பாஞ்சாலை இறந்துவிட்டாள் என்ற என் முடிவில் மாற்றமில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து, சர்க்கரை பத்தவில்லை என்று சொல்லி இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்த பதுருன்னிசா அம்மாளைப் பற்றியும் எனக்கு அதே கருத்துதான்.