முதலையின் வாலில் மாட்டிறைச்சி இல்லை

மன்றத்தின் நடுவே வீற்றிருக்கும் மாண்புமிகு ஊர்த்தலைவர் அவர்களே! அவருக்கு அருகே, அவரவர் வீட்டு நாற்காலியைத் தூக்கிவந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே! சோளக்கஞ்சியை இறக்கிவைத்துவிட்டுச் சால்வையோடு வந்திருக்கும் தாய்மார்களே! நாளைக் காலை துப்பாக்கிக்காரர்களை வரவழைத்திருக்கும் ஐயா திக்காங் அவர்களே!

"கொமோட்சோ அப்பா, தொப்பி! தொப்பியக் கழட்டுய்யா!"

கழற்றிவிட்டேன் தாயே! தலைவர் முன்னால் தொப்பியோடு வணக்கம் சொன்ன முதல் ஆள் நான்தான். சிரியுங்கள், இந்த வழுக்கை வெயிலைக் கண்டு வெகுநாளாயிற்று.

வழக்கு என்ன? நம் ஒக்கவாங்கோ ஆற்று வளைவில் கிடக்கும் கிழட்டு முதலை, ஆண்டு முழுவதும் நம் மாடுகளைத் தின்று கொழுத்ததாம். தண்டனை என்ன? தோட்டா! பார்த்தவர் யார்? ஐயா திக்காங்கைக் கேட்டேன். "வேற எவன்யா தின்னிருப்பான்?" என்றார். இதுவா சாட்சி? இதுவா நீதி?

என் மகள் கொமோட்சோ முதலைகளை ஆராய்கிறவள். அந்த முதலையின் வால் செதிலில் நகத்தளவு நறுக்கி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். எதற்கு என்று கேட்டேன்.

"அப்பா, திங்கிற எதுலயும் கார்பன்னு ஒரு கரி இருக்கு. அதுல லேசு ஒண்ணு, கனம் ஒண்ணு. புல்லு மேயுற மாட்டுக்கறில கனமான கரி கூட. நம்ம ஆத்து மீன்ல அது கம்மி. எத அதிகம் திங்குதோ, அதோட கணக்கு செதில்ல பதிஞ்சிரும்."

"எனக்கு ரெண்டு கரியும் ஒரே கறுப்புதாம்மா."

"நீங்க சந்தையில ஒளிஞ்சு திங்கிற ஆட்டுக்கறியும் உங்க நகத்துல இருக்குப்பா."

"ஐயோ, என் நகத்த உங்கம்மாகிட்ட காட்டிராத!"

ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு அன்றுதான் புரிந்தது. முடிவும் வந்தது. செதில் என்ன சொன்னது? மீன்! மாதக்கணக்காக மீன்! மீனைத் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை!

"ஒரே ஒரு கன்னுக்குட்டியத் தின்னிருந்தா உன் செதிலு சொல்லுமாய்யா?"

நல்ல கேள்வி, திக்காங் ஐயா. சொல்லாது! ஒரு கன்று அதில் தெரியாது என்று என் மகளே சொன்னாள். ஆனால் நீங்கள் குற்றம் சாட்டியது ஒரு கன்றுக்காகவா? ஊர் மந்தையில் குறைந்த அத்தனையையும் அல்லவா அதன் வயிற்றில் தள்ளினீர்கள்? வெள்ளம் வருமுன் ஆற்றுத் தீவுகளின் புல்லுக்கு மாடுகளை அவிழ்த்துவிடுகிறோம். வடிந்த பிறகுதான் தேடுகிறோம். இடையில் சிங்கம் வந்ததா, சேற்றில் புதைந்ததா, எவர் கண்டார்? நானும் காணவில்லை, என் செவலை மாடும் திரும்பவில்லை. காணாததற்கெல்லாம் முதலை என்று பேர் வைத்தால், நாளை அது செத்த பிறகும் மாடு குறையுமே, அப்போது எவரைச் சுடுவீர்கள்?

ஒன்று சொல்கிறேன். நாளைக் காலை அந்தக் கரையில் நான் நிற்பேன். துப்பாக்கி வரட்டும்! வண்டி வரட்டும்! இந்தத் தொந்தியைத் தாண்டித்தான் தோட்டா போக வேண்டும். குறி தவறவே தவறாது!

"நானும் வாரேன், கொமோட்சோ அப்பா!"

வாருங்கள் தாயே, வாருங்கள்! தலைவர் அவர்களே, தீர்ப்பைச் செதிலின் பக்கம் சாயுங்கள். பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. நம் கூரைமேல் மழை நிறைந்து பெய்யட்டும். வணக்கம்!

கைதட்டினார்கள். உட்கார்ந்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை: என் மகள் அந்த ஆற்றில் இறங்கும் ஒவ்வொரு நாளும், அந்த முதலை செத்துத் தொலையட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொள்கிறேன்.