நண்டு மாமாவுக்கு நாலு நாள் தடை

ஹலோ... ஓம், கஜந்தினிதான் கதைக்கிறன்... ஆர்?... மாமாவோ! என்ன மாமா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?... கோவமோ? ஆரோடை?... என்னோடையோ!

என்னது?... கலியாணத்துக்கு வரேல்லையோ? மாமா, இதென்ன கதை? வியாழக்கிழமை என்ரை கலியாணம், இண்டைக்குத் திங்கள். அப்பா இல்லாத பிள்ளைக்கு நீங்களும் மாமியுந்தானே மணவறையில இருந்து தாரை வாக்கோணும்? ஐயரிட்டைச் சொல்லியாச்சு, மாமிக்குச் சீலையும் எடுத்தாச்சு... ஓம், பச்சைச் சீலை... இப்ப சீலையை விடுங்கோ மாமா!

நான் தடை போட்டனானோ? ஆருக்கு?... உங்களுக்கோ?... என்ன கடதாசி? வாசியுங்கோ பாப்பம்... ம்... 'நீங்கள் தடைசெய்யப்பட்டுள்ளீர்கள்'... ஓம்... 'தடை செய்தவர், கஜந்தினி'... ஓம்... 'தடை நீங்கும் நாள், வெள்ளிக்கிழமை'...

ஐயோ கடவுளே. மாமா, ஒரு நிமிசம். 'உண்மைவிளம்பி' எண்ட பேரில எழுதுறது நீங்களோ?

அம்மா, பொறுங்கோ, மாமாதான்... இல்லை அம்மா, ஒருத்தரும் சாகேல்லை. ஒருத்தரைத் தடை செய்துபோட்டன், அவ்வளவுதான்... ஹலோ, ஓம் மாமா, சொல்லுங்கோ... இல்லை, இல்லை. வியாழக்கிழமை வரவேண்டாம், வெள்ளிக்குப் பிறகு வா எண்டு நான் சொல்லேல்லை. உது கலியாணத்துக்குப் போட்ட தடையே இல்லை. விக்கியில போட்ட தடை... விக்கி, மாமா. எங்கடை 'நண்டு வீடு' கார்ட்டூன் இருக்கெல்லோ, அதைப் பற்றி அதைப் பாக்கிற ஆக்களே சேந்து நெற்றில எழுதுற பக்கங்கள். ஆரும் எழுதலாம், ஆரும் திருத்தலாம். எழுதினது சரியோ, ஞாயமோ எண்டு பாக்கிறது நான்... சம்பளமோ? சம்பளம் ஒண்டும் இல்லை... ஓம் மாமா, கம்பசில படிச்சுப்போட்டுத்தான் உதைச் செய்யிறன்.

பிறின்ற் எடுத்தனீங்களோ?... லமினேற்றும் பண்ணினீங்களோ! ஏன் மாமா?... ஓம், பழுதாகக் கூடாதுதான்... ஆருக்குக் காட்டினீங்கள்?... கீரிமலைக் கேணியடியிலயோ? குளிக்க வந்த சனத்துக்கோ?... ஈரக் கையோடை வாங்கிப் பாத்தவையோ. அப்ப லமினேற் பண்ணினது நல்லதுதான்.

சரி, இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. கார்ட்டூனில வாற கொடுக்கு மாமாவின்ரை பக்கத்தில ஆர் ஆர் எப்ப கை வைச்சவை எண்டு எல்லாம் இஞ்சை எனக்கு முன்னாலை கிடக்கு. நேற்று விடிய ஆறு மணி. 'நிறம் சிவப்பு' எண்டு கிடந்ததை 'மாநிறம்' எண்டு மாத்தியிருக்கிறியள். ஆறு அஞ்சுக்கு, 'கால் எட்டு' எண்டதை அழிச்சுப்போட்டுக் 'கால்கள் போதியளவு' எண்டு எழுதியிருக்கிறியள்... மாமா, அது நண்டு. நண்டுக்குக் கால் எட்டு... கொடுக்கு ரெண்டையும் சேத்தாப் பத்து, ஓம். அது ஞாயமான கதை. அதைத் திருத்தி விடுறன்.

ஆறரைக்கு என்ன செய்தனீங்கள்? 'கல்வி: சாதாரண தரம், கணிதத்தில் அதிவிசேட சித்தி.' நண்டுக்கு, மாமா! நண்டுக்கு!... உங்களுக்குக் கிடைச்சது எனக்குத் தெரியும். உங்கடை விறாந்தையில பிறேம் போட்டுக் கொழுவிக் கிடக்கு, வாற ஆக்கள் எல்லாரும் அதைப் பாத்துப்போட்டுத்தான் இருக்கிறவை. ஆனா கொடுக்கு மாமா பள்ளிக்கூட வாசல் மிதிச்சதாக் கார்ட்டூனில ஒரு பாகத்திலயும் காட்டேல்லை.

ஓம்... மீசை இருக்கு, ஓம்... சைக்கிள் மணியில சீலைத்துண்டு கட்டியிருக்கிறார், ஓம்... 'அதென்னண்டால்' எண்டு தொடங்காமல் அவரும் வாய் திறக்கிறேல்லை, ஓம், ஓம். ஜொனதன் அண்ணை உங்களைப் பாத்துத்தான் கீறினவர், ஆர் இல்லையெண்டது? உங்கடை சொந்த அக்காவின்ரை மோன், உடுவிலில இருந்துகொண்டு ஆரைப் பாத்துக் கீறுறது?... ஏன் நண்டு எண்டு எனக்குத் தெரியாது மாமா, அதை அவரைத்தான் கேக்கோணும்... ஓம், நீங்கள் சுத்த சைவம்... கையாலையும் தொட்டதில்லை, தெரியும்... மாமா, அந்த நண்டும் சைவந்தான். மூண்டாம் பாகத்தில முருங்கையிலைதான் சாப்பிடுது. அதையும் நான் எழுதி வைச்சிருக்கிறன்.

இல்லை, உதுகளுக்கெல்லாம் நான் தடை போடேல்லை. பலகாரப் பெட்டிக்குத்தான் போட்டனான். 'கலியாண வீட்டில் பலகாரப் பெட்டியைக் களவெடுத்தவர், பாகம் பதினாலு.' இந்த வரியை நீங்கள் பதினொரு தரம் அழிச்சனீங்கள். நான் பதினொரு தரம் திருப்பிப் போட்டனான். பன்ரண்டாந்தரம் என்ன எழுதினீங்கள்?... மறந்துபோச்சோ? நான் வாசிக்கிறன். 'இதை எழுதியவளின் வளர்ப்புச் சரியில்லை.' மாமா, என்னை வளத்தது அம்மாவும் நீங்களுந்தானே!

...சிரிக்காதேங்கோ... நீங்கள் சிரிச்சா எனக்கும் சிரிப்பு வரும். எனக்குக் கோவம்.

அம்மா, கிள்ளாதேங்கோ. எடுக்கேலாது அம்மா. சொந்தக்காரர் எண்டு தடையை எடுத்தா நாளைக்கு ஆர் அந்தப் பக்கத்தை நம்புவினம்? என்னோடை சேந்து விக்கி பாக்கிற தனுசியா, எனக்கே ஒருக்கா ஒரு நாள் தடை போட்டவள். நான் வாய் திறக்கேல்லை. விதி எண்டா எல்லாருக்கும் விதி... ஹலோ? மாமா, கேட்டுதோ?... கேக்காத மாதிரி இருக்காதேங்கோ.

சரி, ஒண்டு செய்வம். சொல்லுத்தானே பிரச்சினை? 'களவெடுத்தவர்' வேண்டாம். 'கேளாமல் எடுத்தவர்'?... அதுவும் வேண்டாமோ. 'கொண்டு போனவர்'?... அப்ப நீங்களே சொல்லுங்கோ... 'பெட்டி அவரோடை போனது'. மாமா! பெட்டி என்ன கன்றுக்குட்டியோ, பின்னாலை போறதுக்கு?

இல்லை மாமா, நான் பகிடி பண்ணேல்லை. வீட்டில உங்களுக்குப் பலகாரக் கள்ளன் எண்டு பேர் வைச்சிருக்கினம் எண்டு எனக்கும் தெரியும். அம்மா தன்ரை கலியாணத்தில நடந்தது எண்டு முப்பது வருசமாத் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிச் சிரிக்கிறவ. அந்தக் கதையைத்தான் ஜொனதன் அண்ணை பாகம் பதினாலாக்கினவர். அதுக்கு நான் என்ன செய்ய? கார்ட்டூனில உள்ளதைத்தானே எழுதலாம்.

முழுசாப் பாத்தனியோ எண்டோ கேக்கிறியள்? ஆறு தரம் பாத்தனான்... கடைசி வரைக்குந்தான்... பாட்டுக்குப் பிறகோ? பாட்டுத் தொடங்கினா முடிஞ்சுது மாமா, நான் மூடிப்போடுவன்... என்ன?... உங்களுக்கு நிப்பாட்டத் தெரியாதோ? ஓ... அது தானா நிக்கும் வரைக்கும் வைச்சுக்கொண்டே இருக்கிறனீங்களோ... பேரெல்லாம் ஓடி முடிய ஒரு துண்டு இருக்கோ? இருக்காது மாமா. இருந்தா எனக்குத் தெரியாமல் இருக்குமோ? ரெண்டு வருசமா இந்தப் பக்கத்தைக் கண்ணிலை எண்ணெய் ஊத்திக்கொண்டு பாக்கிறவள் நான்... சரி. சரி, கத்தாதேங்கோ, போட்டுப் பாக்கிறன். வைச்சிடாதேங்கோ.

...பாட்டுப் போகுது... ஓம், நீங்களும் பாடுங்கோ, பரவாயில்லை... பேர் வருது. கதை ஜொனதன். கீறினது ஜொனதன். குரல் ஜொனதன். எல்லாம் அந்த மனிசன்தான்... 'தேத்தண்ணி, அம்மா' எண்டும் போட்டிருக்கிறார்... கறுப்பாப் போச்சு. முடிஞ்சுது மாமா. நான் சொன்னனான்தானே, ஒண்டும்...

ஓ.

வருது மாமா.

கொடுக்கு மாமாதான்... கடற்கரை... பெட்டியை முதுகில வைச்சுக்கொண்டு பக்கவாட்டில நடக்கிறார். காத்து இழுக்குது. பாவம், விழப் பாக்கிறார்... இதார், நத்தையோ?... ஒரு நத்தை தனிய இருக்கு. வாசல் படலை பூட்டிக் கிடக்கு. பெட்டியைப் படலையடியில வைக்கிறார். ஒண்டும் கதைக்கேல்லை. வந்த பக்கமே திரும்பிப் போறார்... அவ்வளவுதான்.

மாமா, அவர் ஒரு பயத்தம் உருண்டைகூட எடுத்து வாயில போடேல்லையே.

...ஓம். நான் ரெண்டு வருசமாப் பிழை எழுதி வைச்சிருக்கிறன்... ஓம் மாமா, பிழை... இன்னொருக்காச் சொல்லோணுமோ? பிழை... மாமிக்கும் கேக்கோணுமோ? மாமி! நான் எழுதினது பிழை!... காணுமோ?

மாமா, அந்த நத்தை ஆர்?...

உடுவில் பெரியம்மாவோ? ஜொனதன் அண்ணையின்ரை அம்மா, ஞானாம்பிகைப் பெரியம்மாவோ?... அம்மாவின்ரை கலியாணத்துக்கு அவவைக் கூப்பிடேல்லையோ! எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே... ஓ. நேசராஜாப் பெரியப்பா சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் எண்டு... உங்கடை அப்பா, எங்கடை அப்பு, கூப்பிட விடேல்லை... ஓம்... அப்ப நீங்கள் பெட்டியைச் சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு... மணவறையில தாலி கட்டேக்கையோ? எல்லாரும் அங்கை பாத்துக்கொண்டு நிண்ட நேரம்... ம்... தங்கச்சியின்ரை கலியாணப் பலகாரம் அக்காவின்ரை வாயில படாமல் போகக்கூடாது எண்டு.

பேந்து அப்பு கேக்க, நான்தான் திண்டனான் எண்டோ சொன்னனீங்கள்? முழுப்பெட்டியையுமோ?... ஒரு மாசம் அப்பு உங்களோடை கதைக்கேல்லையோ... ஓம்... சரி மாமா, அப்ப சொல்லாதது சரி. பேந்து எல்லாரும் ஒண்டாகி, பெரியம்மா வீட்டுக்குப் போக வரத் தொடங்கின பிறகாவது சொல்லியிருக்கலாமே. அம்மா உங்களைக் கள்ளன் எண்டு சொல்லச் சொல்ல நீங்களும் சேந்து சிரிச்சனீங்களே?

...

அம்மா தாங்கமாட்டா எண்டோ... தன்ரை கலியாணத்தில அக்காவை வெளியில விட்டிட்டுத் தான் மாலையும் கழுத்துமா இருந்தனான் எண்டு...

ஓம். விளங்குது மாமா.

ஒண்டுமில்லை அம்மா. கார்ட்டூன் கதைதான். நீங்கள் போய்க் கறியைப் பாருங்கோ, அடிப்பிடிக்கப் போகுது... அம்மா போட்டா மாமா, அவவுக்குக் கேக்கேல்லை... இல்லை, சத்தியமாச் சொல்லமாட்டன். விக்கியில நண்டைப் பற்றித்தான் எழுதுவன். நத்தை ஆரெண்டு ஒரு சொல்லும் எழுதமாட்டன். பெரியம்மா சொல்லாமல் ஜொனதன் அண்ணைக்கு அது தெரியவராது, அவ தன்ரை மோனுக்குச் சொன்னது அவையின்ரை விசயம்... ஓம், அவர் உங்களை மறக்கேல்லைத்தான். அதுதானே நண்டாக்கினவர்... சரி, நண்டை விடுங்கோ!

இஞ்சை பாருங்கோ, எழுதிப்போட்டன். 'கலியாண வீட்டுப் பலகாரப் பெட்டியைக் கேளாமல் எடுத்து, தனியே இருந்த ஒருவரின் படலையில் வைத்துவிட்டு வந்தார். தான் ஒன்றும் உண்ணவில்லை. பாகம் பதினாலு, பாட்டுக்குப் பின்.' சரியோ?... 'கேளாமல்' இருக்கோணும் மாமா. கேளாமல்தானே எடுத்தவர்? ஞாயம் எண்டா அதுவும் ஞாயந்தான்... ம், அப்பிடி வாங்கோ. தடையையும் எடுத்திட்டன். பிழையான வரியை அழிச்சவருக்குத் தடை போட விதி இல்லை. தனுசியா கேட்டா நான் மறுமொழி சொல்லுறன்.

அப்ப வியாழக்கிழமை வாறியள்தானே?... என்ன யோசனை?... கேணியடியில எல்லாருக்கும் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டீங்களோ... கடதாசியையும் காட்டிப்போட்டீங்கள்... ஓம், இனி எப்பிடி மாறிக் கதைக்கிறது எண்டு... மாமா, அந்தச் சனம் குளிச்சு முடிய மறந்துபோடும்!... மறக்காதோ... ஆரோ படமும் எடுத்தவையோ... ஐயோ மாமா, இப்ப நான் உங்கை வந்து காலிலை விழோணுமோ? விழுறன். சொல்லுங்கோ, இப்பவே பஸ் எடுக்கிறன்... மாமா? என்ன அது டக்கு டக்கெண்டு சத்தம்?

பொறுங்கோ. ஆரோ இப்ப எங்கடை பக்கத்தில எழுதுகினம். உண்மைவிளம்பி... மாமா, என்னோடை கதைச்சுக்கொண்டே எழுதுறியளோ? எந்தப் போனில?... மாமியின்ரையிலயோ? தடையை எடுத்து ரெண்டு நிமிசம் ஆகேல்லை! என்னத்தை மாத்தினீங்கள், பாப்பம்...

'கொடுக்கு மாமா வியாழக்கிழமை காலையில் தன் மருமகளின் கலியாணத்தில் முன்னுக்கு இருந்து தாரை வார்ப்பார். மாமி பச்சைச் சீலை.'

...

மாமா.

...உப்பிடி ஒரு பாகம் இல்லை, மாமா... இல்லை, அழேல்லை... இல்லையெண்டுறன்... விதிப்படி பாத்தா நான் இதை இப்பவே அழிக்கோணும். நடக்காததை ஆரும் எழுதேலாது... ஓம், வியாழனுக்கு நடந்திடும், தெரியும்... அழிக்கமாட்டன் மாமா. கிடக்கட்டும். தனுசியா அழிச்சா அவளுக்குத் தடை போடுவன்... மாமா?... ஹலோ?... ஹலோ?...

வைச்சிட்டார். அம்மா! மாமா வாறாராம்!