மீன்தொட்டிக்குத் தடுப்புக் கண்ணாடி

கருங்கல் ஊருக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடித் துண்டுகள், எண்ணினேன், மூன்று. உடையாமல் போய்ச் சேர வேண்டுமே என்று எனக்குத்தான் பதைப்பு.

“ஏட்டி, நல்ல வேளை நீ தடுத்த. குளிமுறியில ஒழுக்கு அடைக்க வாங்கின சிலிக்கான் பசையையே மீன்தொட்டியில வச்சு ஒட்டியிருப்பேன்.”

“அதுல பூஞ்சை மருந்து உண்டு. மீனு ஒண்ணும் மிஞ்சியிருக்காது.”

“அவரு துபாயில இருந்து வந்து வெறுந்தொட்டியவா பாக்கணும்? தடுப்புக்கு அக்ரிலிக் பிளாஸ்டிக் போதும்னும் நெனச்சேன்.”

“அதுல சிலிக்கான் பிடிக்காதுட்டி. மீன்தொட்டிக்குக் கீழ தண்ணி வடிகட்டுற அடித்தொட்டி கண்ணாடின்னா, உள்ள வைக்க தடுப்பும் கண்ணாடிதான். ஒட்டி ஒரு வாரம் காயப்போட்டுட்டு தண்ணி விடு.”

“நீதான் காப்பாத்தின மக்கா. ஞாயிற்றுக்கெழம வீட்டுக்கு வா, சாளைமீன் கொழம்பு வச்சுத் தாறேன்.”

“தொட்டியில அந்த மீனெல்லாம் நம்மளப் பாத்துக்கிட்டிருக்கும்போ எப்பிடிட்டி திங்கது?”