வால்வுக்கு எதிரே இரண்டு விரல்

பழைய எஃகு சைக்கிளுக்கு டயர் தேர்ந்தெடுப்பது செருப்பு வாங்குவது மாதிரிதான். அளவு சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள்தான் கடிபட்டுத் திரும்பி வருவார்கள். கடையில் எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் அதிலிருந்தே தொடங்குகிறேனே. ஸ்டேஷன் மேசைமேல் அந்த முன்சக்கரத்தை வைத்துவிட்டு என்னை உட்காரச் சொல்லியிருக்கிறீர்கள், அதைப் பற்றித்தான் கேட்கப்போகிறீர்கள். தண்ணீர் வேண்டாம். தம்பி வீட்டில் படுத்திருக்கிறான். அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண் இப்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் திரும்புவதற்குள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாளோ என்றுதான் எனக்குக் கவலை. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சந்தைச் சரிவில் இருக்கும் சைக்கிள் கடையில் சக்கரம் கட்டுவது என் வேலை. ரிம்மில் கம்பி கோத்து, கோட்டம் எடுத்து, டயர் மாட்டிக் கொடுப்பேன். சக்கரத்தைச் சுழலவிட்டால் எங்கே உரசுகிறது என்று காதே சொல்லிவிடும். வீட்டிலும் எனக்குக் காதுதான் எல்லாம். தம்பி வெளியே போனால் கேட் சத்தம் கேட்கும்வரை ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது.

எங்கள் அம்மா ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வரேன், தம்பியைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அம்மா வரவில்லை. செத்தாளா, வேறெங்காவது இருக்கிறாளா என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்குத் தம்பி என் இடுப்பில் இருந்தான். இருட்டும்வரை அவனைக் கீழே இறக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் என்னைவிட உயரமாக வளர்ந்த பிறகும் அந்தத் தைரியம் வரவில்லை.

அவன் குளியலறையில் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தால் போதும், போய்க் கதவைத் தட்டுவேன். "அக்கா, குழாய் வழியா எல்லாம் ஓடிப்போயிட மாட்டேன்" என்று உள்ளிருந்து கத்துவான். எனக்கும் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே மறுபடியும் தட்டுவேன்.

நிலம் அளக்கிற அலுவலகத்தில் அவனுக்கு வேலை. மலைக்குக் கீழே, கடலோர நகரத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். கேட்டு வாங்கினான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் அங்கே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருந்தது. சாமான்களோடு அவள் பஸ்ஸில் போவாள், இவன் சைக்கிளில் போவான் என்று பேசி வைத்திருந்தார்கள். யாரோ வீட்டைக் காலி செய்தபோது கொட்டகையில் கிடந்த ஒரு ஃபிரேமை வாங்கி வந்திருந்தான். கரும்பச்சை, மெல்லிய எஃகுக் குழாய், மூட்டுகளில் இலை மாதிரி வெட்டு. சக்கரம் இல்லை, பெடல் இல்லை, வெறும் எலும்புக்கூடு. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள் வந்து, "இதுக்கு உயிர் குடுக்கா" என்றான்.

கொடுத்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஹேண்டில்பாரின் அகலத்தை அவன் தோளை அளந்து எடுத்தேன். பிரேக்குகள் பழசுதான், ஆனால் ஒவ்வொரு திருகையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து மாட்டினேன். கேபிள், பிரேக் கட்டை, சங்கிலி எல்லாம் புதுசு. சீட்டு மட்டும் தோல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தான். "புதுத்தோல், உட்கார்ற இடம் புண்ணாகிடும்டா" என்றேன். "என் தோலும் கெட்டிதான்" என்றான். முதலாளி கல்லாவிலிருந்து, "உன் தோல் எருமைத்தோல்தான், எங்களுக்குத் தெரியாதா" என்றார். கடையே சிரித்தது. நான் அந்தச் சிரிப்புக்கு நடுவே, இவன் போன பிறகு இந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நாங்கள் ஒட்டு டயர்தான் போடுவது என்று முடிவு செய்தோம். டியூபை உள்ளே வைத்துத் தைத்த டயர் அது. ரிம்மில் அதைப் பிடித்துக்கொள்ள விளிம்பு கிடையாது, பசைதான் பிடித்துக்கொள்ளும். லேசானது, பட்டு மாதிரி ஓடும், பழைய பந்தய சைக்கிள்களுக்கு அதுதான் பொருத்தம்.

நாங்கள் என்று சொல்லிவிட்டேன். நான்தான். அவன் சாதாரண டயர்தான் கேட்டான். "வழியில பஞ்சர் ஆனா நானே ஒட்டிப்பேன், எனக்கு அதுதான் தெரியும்" என்றான். நான்தான் கடைப் பரணிலிருந்து பழைய ரிம் ஜோடியை இறக்கி, துடைத்து, வெளிச்சத்தில் சுழற்றிக் காட்டினேன். "இந்த ஃபிரேமுக்கு இதைப் போடாட்டி பாவம்டா" என்றேன். அவனுக்கு அழகான பொருளைக் கண்டால் வாய் அடைத்துவிடும். அது எனக்குத் தெரியும்.

பசை போடுவதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. ரிம்மில் ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொன்று. டயரின் அடித்துணியிலும் அப்படியே. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே டயரை இழுத்து ஏற்றி, காற்றடித்து, ஊறவிட வேண்டும். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. வால்வுக்கு நேர் எதிரே இரண்டு விரல் அகலத்துக்குப் பசை பூசாமல் விடுவோம். வழியில் பஞ்சரானால் அந்த இடத்தில் விரலை நுழைத்து டயரைப் பிரிக்கலாம். இல்லையென்றால் கத்தி வைத்துத்தான் கிழிக்க வேண்டிவரும். இரண்டு விரலால் எந்த ஆபத்தும் இல்லை.

பின்சக்கரத்தில் இரண்டு விரல் விட்டேன். முன்சக்கரத்தில் ஒரு சாண் விட்டேன். ஒரு சாணுக்கும் கொஞ்சம் கூடுதல். துணியிலும் பூசவில்லை. நீங்கள் பேனாவால் காட்டுகிறீர்களே, பளபளவென்று, அந்த இடம்தான். மற்ற இடமெல்லாம் பாகு காய்ந்த மாதிரி பழுப்பாக இருக்கிறது பாருங்கள். அதையெல்லாம் நன்றாகத்தான் பூசியிருக்கிறேன்.

இதை எப்படிக் கணக்குப் போட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என்னைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடுவீர்கள். எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது. எப்போதும் ஜல்லி சிதறிக் கிடக்கும். ஓட்டிப் பார்க்கப் போகிறவன் அங்கே பிரேக் பிடிப்பான், முன்டயர் நழுவும், மெதுவாக விழுவான். காறை எலும்பு உடையலாம் என்று நினைத்திருந்தேன். சைக்கிளில் விழுகிறவர்களுக்கு வழக்கமாக உடைவது அதுதான், தானே கூடிவிடும். கைக்குத் தொட்டில் கட்டி வீட்டில் உட்காருவான். மாற்றல் தள்ளிப்போகும். தள்ளிப்போவது நின்றும் போகலாம். நான் ஊட்டிவிடுவேன். நினைத்தது அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் திருப்பத்தில் அவன் விழவில்லை. காற்று நிறைய இருந்தால் டயர் தானாகவே ரிம்மை இறுக்கிக்கொள்ளும், அதை நான் சரியாக எடை போடவில்லை. தெருவைச் சுற்றிவிட்டு முகமெல்லாம் பல்லாக வந்து நின்றான். "அக்கா, வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகுதுக்கா!" அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இவரைவிட இந்த சைக்கிளைத்தான் நீங்க ஒழுங்கா வளத்திருக்கீங்க" என்றாள். தம்பி அவள் தலையில் குட்டினான். பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் வந்துடுங்களேன் அண்ணி. அங்க சைக்கிள் கடையே இல்லாமலா போயிடும்? வீட்டுல ரெண்டு அறை இருக்கு" என்றாள்.

வாய்வார்த்தைக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. அவள் கை சூடாக இருந்தது, என் கை ஐஸ் மாதிரி இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். முன்டயரைத் திரும்ப ஒட்ட வேண்டும், கொஞ்சம் விட்டுப்போய்விட்டது என்று ஒரு வார்த்தை போதும், யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். வாயைத் திறந்தேன். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றுதான் வந்தது.

அவன் கிளம்பிய காலையில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. பையைக் கட்டிக் கொடுத்தேன், காற்றைச் சரிபார்த்தேன். "போயிட்டு வரேங்கா" என்றான். அம்மா சொன்ன அதே வார்த்தைதான். எனக்குக் காது அடைத்துக்கொண்டது, கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருந்தாலும் அவனை எச்சரிக்காமல் விடவில்லை, தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். "மலை இறங்கும்போது வேகமாப் போகாதே. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்கு, விடாதே" என்றேன். பெற்ற தாய் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

ஆமாம், தெரியும். பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடாகும். சூட்டில் பசை இளகும். சக்கரம் கட்டுகிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? அந்த நேரத்தில் அதை நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நினைத்தேன். ஆனால் மெதுவாகப் போ என்று சொல்வது நல்ல வார்த்தைதானே?

மூன்றாம் வளைவில் டயர் கழன்றது. அவன் தடுப்புச்சுவரில் முதுகு அடிபட விழுந்தான். ஒரு பால்வண்டிக்காரர் தூக்கி வந்தார். ஆஸ்பத்திரியில் அவன் கண்ணைத் திறந்ததும், "சைக்கிள் என்னாச்சுக்கா" என்றுதான் கேட்டான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அழுதேன். நடிப்பு இல்லை. ஆனால் அழுது முடித்ததும், என் உடம்புக்குள் ஏதோ ஒன்று, அம்மா போன நாளிலிருந்து விறைத்துக்கொண்டு நின்றது, மெல்ல உட்கார்ந்தது. அன்று வெகுகாலத்துக்குப் பிறகு அசந்து தூங்கினேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கிறேன். முகம் மழிக்கிறேன். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன், அவன் பாதுகாப்புக்குத்தான். கேட் சத்தத்துக்காக இனி நான் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண்தான் விடவில்லை. போய்விடுவாள் என்று நினைத்தேன், போகவில்லை. கடலோரத்தில் பயிற்சி கொடுக்கும் ஒரு நிலையம் இருக்கிறதாம், கூட்டிக்கொண்டு போகிறேன், நடக்க வைத்துவிடுவேன் என்கிறாள். கடைக்கு வந்து, மூலையில் கிடந்த இந்தச் சக்கரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவளும் அவள்தான். நாள் முழுக்கக் கண்ணாடியில் கீறலும் கறையும் தேடுகிற கண். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "இங்க மட்டும் ஏன் சுத்தமா இருக்கு?" என்று முதலாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவர் முகம் வெளுத்துப்போனது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் டாக்டரைக் கேட்பீர்கள். போன வாரம் அவன் கால் கட்டைவிரல் அசைந்தது. தூக்கத்தில்தான், ஆனால் அசைந்தது. அவனுக்குத் தெரியாது. நான் பார்த்தேன். போர்வையை இழுத்து மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எலும்பும் சதையும் ஆயிரம் விதமாகத் துடிக்கும், அதற்கெல்லாம் ஆசை காட்டி அவனை ஏமாற்றக் கூடாது.

அவனுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்கிறீர்கள். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். ஒட்டு டயரில் ஏறுகிறவன் எவனும் கிளம்பும் முன் கட்டைவிரலால் டயரைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பான். ஒட்டாத இடம் இருந்தால் அப்போதே விரலுக்குத் தெரிந்துவிடும். தம்பிக்கு அது தெரியும், எங்கள் கடையில் வளர்ந்தவன். அன்று காலை முன்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து, டயரில் விரலை வைத்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் தள்ளவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீ ஒட்டினதை நான் சோதிக்கணுமாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து ஏறிப் போனான்.

யோசித்துப் பாருங்கள். நிஜமாகவே போக வேண்டும் என்று நினைத்தவன் தள்ளிப் பார்த்திருக்க மாட்டானா? அவனுக்கும் என்னை விட்டுப் போக மனமில்லை, அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை.