கோட்டிலிருந்து நழுவிய வளைவு

லோகேஸ்வரன்: …தூங்காத பிரித்திகா. லேப்டாப்பைப் பாரு. நம்ம பஸ்சு போற ரூட்டு எப்பிடி ஒழுகிக்கினு போவுது பாரு!

பிரித்திகா: தூங்கலண்ணா… ஜன்னல்ல மழை. ரோடே தண்ணியில மெதக்கறாப்பல இருக்குது. இந்தக் கோடும் அப்பிடியே இருக்குதே… நேத்து வரைக்கும் முள்ளுக்கம்பி மாதிரி இருந்துச்சி?

லோகேஸ்வரன்: லைப்ரரின்னு ரெடிமேடா கெடைக்கற குட்டி புரோகிராம் ஒண்ணு நம்ம ஆப்புல சேத்தேன். கோடு வரையறதுக்குன்னே எழுதுனது. புள்ளிங்களைக் குடுத்தா போதும், அதுவே வழவழன்னு இழைச்சிடும். பஸ் ஓனரு பாத்தா சொக்கிப்பூடுவாரு. நாளையிலேர்ந்து டிரைவருங்க இந்த ஆப்பைப் பாத்துத்தான் ஓட்டணும்.

பிரித்திகா: பெரிசு பண்ணுங்க… இன்னும்… திருப்பதி, புத்தூரு, நாகலாபுரம் பஜாரு… அப்பறம், மாமிடித்தோப்பு காலனிக்குள்ள போய்ட்டு வர்ற வளைவு எங்கண்ணா?

லோகேஸ்வரன்: அதுவா… ரொம்பச் சின்ன நெளிவு. கைநடுக்கம்னு நெனச்சி லைப்ரரி நேராக்கிடுச்சி.

பிரித்திகா: கைநடுக்கமா? அது ஊருண்ணா!

லோகேஸ்வரன்: ஷ்… முன்சீட்டுக்காரரு முழிச்சிக்கப்போறாரு.

பிரித்திகா: எவ்ளோ சின்ன நெளிவைத் தள்ளலாம்னு ஒரு நம்பரு இருக்குமே?

லோகேஸ்வரன்: இருக்குது. அதைக் கொறைச்சா வளைவு வந்துடும்… கோடும் மறுபடி முள்ளாயிடும்.

பிரித்திகா: ஆவட்டும். கொறைங்க.

லோகேஸ்வரன்: ஓனரைக் கேட்டுட்டேன்மா. ‘அங்க ஒருத்தரும் ஏறல, எறங்கல. டீசலு தண்டம். உட்டுடு, நாளையிலேர்ந்து பஸ்சு நேராவே போவட்டும்’னுட்டாரு.

பிரித்திகா: ஏன் ஏறலன்னு கேட்டாரா? அந்தப் பேரைச் சொல்லி எறங்குனா பஸ்சுல பாதித் தலை திரும்புது. பக்கத்துல குந்தினு இருக்கறவன் தண்ணி பாட்டலை அந்தாண்ட நவுத்தறான். அதுக்கு பயந்து பஜார்லயே எறங்கி, இருட்டுல, சேத்துல நடக்கறாங்க. அவங்க மறைஞ்சி நடந்ததையே சாட்சியா வெச்சி, ஊரே இல்லன்னு கோடு போடுவீங்களா? தெருவுல ஒதுக்குனது போதாது, கொளத்துல ஒதுக்குனது போதாது… இப்ப கம்ப்யூட்டரையும் கூட்டியாந்து ஒதுக்கணுமா?

லோகேஸ்வரன்: ஐயய்யோ… மைக்கு ஒண்ணு புடிச்சாரட்டா? நீ பஜார்க்காரி. ஒனக்கு எதுக்குமா இவ்ளோ கோவம்?

பிரித்திகா: …சும்மாத்தான்.

லோகேஸ்வரன்: கேளு. அங்க ஏறி எறங்கற ஒரே ஒரு ஆளைக் காட்டு. இங்கயே நம்பரைக் கொறைக்கறேன், ஓனரு கிட்டயும் நானே சண்ட போடறேன். இல்லாத ஆளுக்காக என்னான்னு பேசறது?

பிரித்திகா: …மழையில அந்த வளைவு எப்பிடி இருக்கும் தெரியுமாண்ணா? பஸ்சு திரும்புனதும் லைட்டு மொதல்ல மாமரத்துல அடிக்கும். ஈர எலையெல்லாம் வெள்ளியாயிடும். செவுத்துல நெழலு ஓடும்… பசங்க துன்றதை அப்பிடியே உட்டுட்டு அதைத் தொரத்திக்கினு ஓடுவாங்க. ஒரு நிமிசம் ஊரே கெனாவுல எழுந்து நிக்கறாப்பல… அப்பறம் பஸ்சு போயிடும். மறுபடி இருட்டு.

லோகேஸ்வரன்: அழகாத்தான் சொல்ற… ஆனா பஸ்சு அங்க போறதுக்கு முந்தியே நீ எறங்கிடுவியே. எப்பப் பாத்த?

கண்டக்டர் ரமணா: நாகலாபுரம் பஜார்! திகண்டி, திகண்டி! எறங்குங்க! பிரித்திகாம்மா, ஒன் ஸ்டாப்பு வந்துருச்சி!

லோகேஸ்வரன்: எந்திரி, எந்திரி. பையைத் தலையில வெச்சிக்கினு போ, நனையாத.

கண்டக்டர் ரமணா: இன்னாம்மா, கல்லாட்டம் குந்திக்கினு இருக்கற? எறங்கலியா? விசிலு ஊதிடுவேன்!

பிரித்திகா: ஊதுங்கண்ணா. பஜாரு என் ஸ்டாப்பே இல்ல. மாமிடித்தோப்பு காலனி வளைவுல நிறுத்துங்க, எங்க வூடு அங்கதான்… பேரை நல்லா சத்தமா கூவுங்க, பஸ்சு மொத்தமும் திரும்பிப் பாக்கட்டும். லோகேஷண்ணா, ஆளைப் பாத்துட்டீங்க இல்ல? நம்பரைக் கொறைங்க.