வெள்ளச்சி ஈன்ற சாயங்காலம்

ஷெர்லீன்: கண்ணத் தொறந்து பாருங்களேன்! வலி ஆட்டுக்கு, உங்களுக்கில்ல.

மரியசூசை: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மூக்கு தெரியுது... ஒரு குளம்பு தெரியுது.

ஷெர்லீன்: இன்னொரு குளம்பு?

மரியசூசை: அதத்தான் காணோம்.

ஷெர்லீன்: ரெண்டு காலையும் முன்னால நீட்டி, அதுமேல தலைய வச்சுக்கிட்டுத்தான் குட்டி வரும்னு வீடியோவுல சொன்னானே!

மரியசூசை: வெள்ளச்சி அந்த வீடியோவப் பாக்கலையே லா.

ஷெர்லீன்: இப்பவும் கிண்டலா? போன ஈத்துல இப்படித்தான் சிரிச்சுக்கிட்டு நின்னீங்க. குட்டி செத்துப் பொறந்துச்சு.

மரியசூசை: போன தடவ நான் சிரிக்கல, ஷெர்லி.

ஷெர்லீன்: சரி... ஆனா பேசுனது ஞாபகம் இருக்கில்ல? இதுவும் தங்கலன்னா ஆடுங்கள வித்துட்டு டவுன்ல நம்ம பத்து பெரண்டாம் வீட்டுக்கே போயிர்றோம்.

மரியசூசை: இருக்கு. ஃபேக்டரியில வேல போனதும், இந்த லூபோக் சீனா கிராமத்துல ஆடு வளக்கலாம் வான்னு உன்னை இழுத்துட்டு வந்தவனே நான்தானே. மறப்பேனா?

ஷெர்லீன்: அப்புறம் பேசலாம். மொதல்ல காளியம்மாக்காவுக்கு ஃபோன் அடிங்க. நம்மள விட்டா இந்தப் பக்கத்துல ஆடு வச்சிருக்கறது அவங்க ஒருத்தர்தான். ஸ்பீக்கர்ல போடுங்க.

காளியம்மா: யாரு, சூசையா? நான் அலோர் காஜாவுல கல்யாண வீட்ல இருக்கேன்யா. மேளம் அடிக்கிறான், சத்தமாப் பேசு!

மரியசூசை: அக்கா, வெள்ளச்சிக்கு வலி வந்துருச்சு! தலை வருது, ஒரு கால் வரல!

காளியம்மா: உள்ள மடங்கியிருக்கும். கைய விட்டுத்தான் எடுக்கணும். உன் கை வேணாம், அது மம்பட்டி. ஷெர்லீன விடச் சொல்லு.

ஷெர்லீன்: நானா? அக்கா, நான் பால்கூடக் கறந்ததில்ல!

காளியம்மா: பால் அப்புறம். சூசை, நீ ஓடிப் போயி வீட்ல இருக்கற பூட்டு, மூடி, முடிச்சு எல்லாத்தையும் தொறந்து விடு. ஒரு முடிச்சு இருந்தாலும் குட்டி எறங்காது.

ஷெர்லீன்: நாங்க வேதக்காரங்கக்கா...

காளியம்மா: ஆடு எந்தக் கோயிலுக்குப் போகுது? ஓடு லா!

மரியசூசை: இதோ ஓடுறேன்!

ஷெர்லீன்: என்னாங்க, என்னைத் தனியா விட்டுட்டு... போயிட்டாரு. அக்கா, சோப்புப் போட்டுக் கையக் கழுவியாச்சு, எண்ணெயும் தடவிட்டேன்.

காளியம்மா: அது முக்கும்போது நீ சும்மா இரு. முக்கி ஓஞ்சதும் தலைய மெதுவா உள்ள தள்ளு.

ஷெர்லீன்: வர்றத உள்ள தள்ளவா?

காளியம்மா: எடம் விட்டாத்தானே கால் நீளும். கழுத்துலேர்ந்து தடவிக்கிட்டே கீழ போ. முட்டி தட்டுப்படும்.

ஷெர்லீன்: சூடா இருக்கு... வழுக்குது... கத்தாதடி வெள்ளச்சி, எனக்கும் பயமாத்தான் இருக்கு... அக்கா! முட்டி!

காளியம்மா: குளம்ப உள்ளங்கையில பொத்திக்கிட்டு முன்னால கொண்டா. குளம்பு உள்ள கிழிச்சிரக் கூடாது.

மரியசூசை: ஷெர்லி! பூட்டு, தவிட்டு மூட்ட, ஊறுகா ஜாடி எல்லாம் தொறந்தாச்சு! என் கைலி முடிச்சத் தவிர ஒண்ணு பாக்கியில்ல!

ஷெர்லீன்: பட்டிக் கதவக் கட்டியிருந்த கயிறு?

மரியசூசை: அதையும்தான் அவுத்து... அடடே.

ஷெர்லீன்: அங்க பாருங்க! மத்ததெல்லாம் என் கீரைப் பாத்தியில நிக்குது!

மரியசூசை: வெரட்டவா?

ஷெர்லீன்: திங்கட்டும் விடுங்க! இங்க வந்து துண்ட விரிங்க! அக்கா, ரெண்டு காலும் வந்துருச்சு!

காளியம்மா: இனி அது முக்க முக்க, கீழ்ப்பக்கமா இழு.

ஷெர்லீன்: மாதாவே... மாதாவே... வந்துருச்சு!

மரியசூசை: ஷெர்லி... அசையலையே.

காளியம்மா: மூக்குச் சளிய வழிச்சு எறி! புல்லுத் தண்ட மூக்குல விட்டுக் கொட! துண்டால அழுத்தித் தேய்!

ஷெர்லீன்: தேய்க்கிறேன்... ஏய், எந்திரி... எந்திரி சாமி...

மரியசூசை: போதும் ஷெர்லி. விட்ரு.

ஷெர்லீன்: நீங்க சும்மாருங்க!

மரியசூசை: இல்ல, உன் கை...

ஷெர்லீன்: தும்முச்சு.

மரியசூசை: என்னா?

ஷெர்லீன்: தும்முச்சுங்க! இந்தா, தலைய ஆட்டுது!

காளியம்மா: கத்துச்சா? எனக்கு மேளச் சத்தம்தான் கேக்குது!

மரியசூசை: கத்துதுக்கா! பொட்டக்குட்டி!

காளியம்மா: தாய்கிட்டப் போடு, நக்கட்டும். எந்திரிச்சு நின்னதும் சீம்பால் குடிக்க வை. நான் பந்திக்குப் போறேன், கறி தீந்துரும்.

ஷெர்லீன்: ஃபோன வச்சிட்டாங்க... என்னாங்க, நீங்க ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க?

மரியசூசை: மாயாண்டிக்கு ஃபோன் அடிக்கணும்.

ஷெர்லீன்: ஆட்டு வியாபாரிக்கா? எதுக்கு?

மரியசூசை: நாளைக்குக் காலையில லாரி கொண்டாறேன்னான்... இந்தக் குட்டியப் பாத்தப்புறம் எப்படிக் குடுக்கறது?

ஷெர்லீன்: அப்ப... குட்டி வர்றதுக்கு முன்னாலயே பேசி முடிச்சிட்டீங்களா?

மரியசூசை: நேத்தே. பொழச்சாலும் சரி, இல்லாட்டியும் சரின்னு... கொசுங்கற, சேறுங்கற, பேச ஒரு நாதியில்லங்கற. எனக்காகத்தானே பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்க? பத்து பெரண்டாம் வீட்டுல கொண்டுபோய் உன்னை விட்டுரலாம்னு நெனச்சேன்.

ஷெர்லீன்: எந்த வீட்டுல?

மரியசூசை: நம்ம வீட்டுலதான். வாடகைக்கு இருக்கறவங்களுக்கு இந்த மாசத்தோட கொந்த்ராக் முடியுதில்ல.

ஷெர்லீன்: முடியல... இன்னும் ரெண்டு வருஷம் இருந்துக்குங்கன்னு போன வாரமே அவங்ககிட்ட சொல்லிட்டேன்.