பல் அடைக்கும் பசையை நான் வைத்த இடம்

என் வயது நாற்பத்தாறு. பல் மருத்துவமனை ஒன்றில் பத்தொன்பது வருடமாக உதவியாளர். எல்லோரும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனைக்குப் பின்தெருவில், மாடி வீட்டில், அக்காவும் நானும் இருந்தோம். இப்போது நான் மட்டும் இருக்கிறேன். யாரும் வற்புறுத்தாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வது என்னவென்றால்:

பல் குழியை அடைக்கும் பசைக் குழாய்களையும், அதை ஒட்டவைக்கும் திரவத்தையும் ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது என் பொறுப்பு. குளிர்காலத்தில் ஒருநாள் பசை இறுகியிருந்ததால் டாக்டர், "என்னம்மா, கல்லைக் குடுத்து அடைக்கச் சொல்றியா?" என்று கடிந்துகொண்டார். அதன் பிறகு நான் கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் மூடிமேல் எல்லாவற்றையும் தட்டோடு வைத்தேன். பசை நன்றாக இளகி வந்தது. "உன் கைராசியே ராசி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத் தினமும் காலை முதல் மாலை வரை அங்கேயே வைத்தேன். சூடு படக்கூடாது என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்திருந்தும் வைத்தேன். விளக்கைப் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்தேன்.

அதன் பிறகு நான்கு மாதத்தில் பதினொரு பேருக்கு அடைப்பு பெயர்ந்து வந்தது. பன்னிரண்டாவது ஆள் என் அக்கா. கடைவாய்ப் பல்லில் அடைப்பு ஆடியபோதே டாக்டரிடம் போகலாம் என்றேன். "நீ எடுத்துக் குடுத்ததுடி, அவ்வளவு சீக்கிரம் விழுந்துடுமா?" என்று சிரித்தாள். கடைசிவரை வரவில்லை. அடைப்பு பெயர்ந்த குழியில் சீழ் பிடித்து, அது கழுத்துக்கு இறங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் இறந்துபோனாள்.

சரக்கு போலி என்று சொல்லி, அதைக் கொண்டுவந்து தரும் விற்பனையாளர் மீது டாக்டர் புகார் கொடுத்தார். அந்தத் தம்பி அக்காவின் சாவுக்கு வந்திருந்தார். தோள்பையைக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஃபிரிட்ஜ்லதானேக்கா வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். "ஆமாம்ப்பா" என்றேன். "அப்ப நான் கொண்டுவந்த சரக்குலதான் கோளாறு. என்னை மன்னிச்சிருங்கக்கா" என்று என் கையைப் பிடித்து அழுதார். மறுநாள் அவரைக் கைது செய்தீர்கள். ஒன்பது நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மீது எந்தத் தப்பும் இல்லை.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே எழுதியிருக்கிறது. அந்தத் தம்பியிடம் நான் சொன்ன "ஆமாம்ப்பா" ஒன்றைத் தவிர, மேலே உள்ள எல்லாம் உண்மை.

(கையொப்பம்)